கைக்குத் தெரியாத கியர்

ஓட்டிச் செல்ல இதைவிடச் சுகமான வண்டி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்கள் இருப்பது பிட்ஸ்பர்கில். ஆற்றங்கரையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். பீச்வியூ பகுதியில் உள்ள கேன்டன் அவென்யூவின் சரிவு 37 சதவீதம் என்பார்கள்; அமெரிக்காவின் மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்று அது. அப்படிப்பட்ட ஊரில், நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற எஸ்யூவி ஒன்று வேண்டும் என்று தேடி, பழைய வண்டியாகத்தான் இதை வாங்கினோம். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். மற்ற விவரமெல்லாம் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும். பனி உறைந்த காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவில் குன்றில் ஏறும்போது முன்னால் போகிற வண்டிகள் சக்கரம் சுழன்று திணறும். இது ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஏறிவிடும். கியர் பெட்டி எப்போது மாற்றுகிறது என்பதே தெரியாது. சீட்டில் உட்கார்ந்தால் நியூஜெர்சி வரைக்கும் முதுகு வலிக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காரணம் ஒன்றுதான். இரண்டு சீட்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தக் கியர் குச்சி.

வண்டியின் பெயரை எழுதவில்லை. இந்த வகைக் குச்சியைப் பல கம்பெனிகள் பல பெயரில் வைத்திருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால், வேறு வண்டி வைத்திருப்பவர் தனக்கு இதில் சம்பந்தமில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவரும் படிக்கவேண்டும்.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் குச்சி ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்கு நகரும். மேலே பி, அதற்குக் கீழே ஆர், பிறகு என், டி. நிறுத்த பி, பின்னால் போக ஆர், நியூட்ரலுக்கு என், முன்னால் போக டி. எங்கே தள்ளினோமோ அங்கேயே குச்சி நிற்கும். குச்சியின் அடியிலிருந்து ஒரு கேபிள் கியர் பெட்டிவரை போகும். பி-யில் போட்டால் பெட்டிக்குள் பல் வைத்த ஒரு சக்கரத்தில் கெட்டியான ஒரு உலோக நாக்கு விழுந்து பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு விழுவதைக் குச்சி வழியாகவே கை உணரும்.

இந்த வண்டியில் கேபிள் கிடையாது. குச்சி வெறும் ஸ்விட்ச். முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும், கையை எடுத்த உடனே ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். டி-யில் இருக்கும்போது முன்னால் மெல்லத் தள்ளினால் என். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஆர். கடைசிவரை அழுத்தினால் பி. இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள தடை மிகச் சன்னம். குளிர்காலத்தில் கையுறை போட்ட கைக்குச் சுத்தமாகத் தெரியாது. மூன்றில் எது விழுந்திருந்தாலும் குச்சி மட்டும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் நிற்கும். எது விழுந்தது என்று தெரிய, குச்சியின் தலையில் எரிகிற சின்ன எழுத்தைப் பார்க்கவேண்டும், அல்லது ஸ்டீரிங்குக்குப் பின்னால் உள்ள திரையில் தேடவேண்டும். மேற்கு வெயில் கண்ணாடி வழியாக இறங்கும் நேரத்தில் குச்சித் தலையில் எரியும் எழுத்து மங்கிவிடும். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் தலையை மேலும் கீழும் ஆட்டித்தான் திரையில் அந்த எழுத்தைப் பிடிக்க முடியும்.

இருட்டில் எழுந்து வாசல் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தால், போட்டிருக்கிறதா இல்லையா என்று விரலே சொல்லிவிடும். விளக்கைப் போட்டுப் பார்க்கிற வேலை இல்லை. ரெண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டியை நிறுத்திவைக்கிற பூட்டுக்கு அந்தக் குணம் வேண்டாமா? என் மொத்தக் குறையும் இதுதான். எந்தக் கியரில் வண்டி நிற்கிறது என்பது கைக்குத் தெரியவேண்டும். கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஏனென்றால் வண்டியை விட்டு இறங்கும் நேரத்தில் கண் திரையில் இருக்காது. கண்ணாடியில் இருக்கும், பின்சீட்டுக் குழந்தையிடம் இருக்கும், வாசலில் காத்திருப்பவரிடம் இருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் டிரைவ்வே தெருவிலிருந்து கராஜை நோக்கி மேலேறும். குப்பை எடுக்கும் நாள். லாரிக்காரர்கள் காலி குப்பை பின்னை டிரைவ்வேயின் நடுவிலேயே சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி வேலை முடிந்து வந்து, பாதி ஏற்றத்தில் பிரேக்கைப் பிடித்து, குச்சியை முன்னால் தள்ளினாள். பின்னைத் தள்ளி வைத்துவிட்டு உடனே ஏறப்போகிறவள், எஞ்சினை அணைக்கவில்லை. நான் கராஜ் வாசலில் நின்றிருந்தேன். கதவு திறந்தது. ஒரு கால் தரையில் பட்டது. பிரேக்கிலிருந்து இன்னொரு கால் எழுந்ததும் வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. சரிவின் இழுப்பு மட்டுமில்லை. எஞ்சினும் சேர்ந்து பின்னுக்குத் தள்ளியது. விழுந்திருந்தது ஆர்.

திறந்த கதவு அவளையும் சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டீரிங்கை ஒரு கையால் பிடித்து, உடம்பை உள்ளே எறிந்து, எப்படியோ பிரேக்கைத் தொட்டுவிட்டாள். அதற்குள் கதவு மெயில் பாக்ஸ் கம்பத்தில் மோதி, கீல் வளைந்து நின்றது. வண்டியின் பின்பாதி தெருவில். நான் ஓடிப் போனபோது அவள் இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். காலை எடுக்கச் சொன்னாலும் எடுக்கவில்லை.

"என்னங்க, நான் பி-யிலதான் போட்டேன். எனக்கு நல்லாத் தெரியும், பி-யிலதான் போட்டேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அவள் கை செய்த வேலை பி போடுகிற வேலை. முன்னால் தள்ளினாள், குச்சி நடுவுக்கு வந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் இதேதான் நடந்தது. அன்று ஒரு இழை குறைவாக அழுத்தியிருக்கிறாள்; அந்த ஒரு இழையைக் கைக்குச் சொல்லிக் கொடுக்க வண்டியில் ஒன்றுமில்லை.

எச்சரிக்கை மணி அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அடித்தது. அதுதான் என்னுடைய அடுத்த ஆத்திரம். இந்த வண்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே மணி. பெல்ட் போடாவிட்டால் அதே சத்தம். பெட்ரோல் குறைந்தால் அதே. வெளியே குளிர் உறைநிலைக்கு இறங்கினால் அதே. எஞ்சின் ஓடும்போது கதவைத் திறந்தால், பி-யில் பத்திரமாக நின்றிருந்தாலும் அதே. குழந்தையை இறக்கக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் காரணமில்லாமல் அடிக்கிற மணி, உயிர் போகிற காரணத்துக்கும் அதே குரலில் அடித்தால், காது அதை எப்படிப் பிரிக்கும்? பி விழாமல் கதவு திறந்தால், வண்டி அலறவேண்டும். ஹாரன் அடித்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். மணியடித்து எச்சரிக்கிற அளவுக்கு விவரம் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, தானே பி-யைப் போட்டுவிடவும் முடியும். பூட்டைத் திறப்பதும் மூடுவதும் அதன் கையில்தானே இருக்கிறது. எஞ்சினை அணைத்தால் இந்த வண்டி தானாகவே பி-க்குப் போய்விடுகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுபவர் இறங்கினால் மட்டும் மணியோடு நிறுத்திக்கொள்கிறது.

சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். எந்தப் பழுதும் பதிவாகவில்லை என்றார்கள். தாளில் எழுதிக்கொடுத்ததன் சாரம்: குச்சி வடிவமைத்தபடியே வேலை செய்கிறது. கதவுக்கும் கீலுக்கும் பெயின்டுக்கும் ஆன செலவு எங்கள் கையிலிருந்து போனது. பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வடிவமைத்தபடி வேலை செய்கிறது என்ற அந்த வரி மட்டும் இன்னும் உறுத்துகிறது. அது உண்மையான வரி. அதனால்தான் அது பயங்கரமான வரி.

இந்தக் கதை எங்களோடு ஆரம்பித்ததில்லை. இதே பழக்கமுள்ள குச்சியால் அமெரிக்காவில் நடந்த பெரிய வழக்கு ஃபியட் கிறைஸ்லர் நிறுவனத்தினுடையது. 2014, 2015 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, 2012 முதல் 2014 வரையிலான டாட்ஜ் சார்ஜர், கிறைஸ்லர் 300 ஆகிய வண்டிகளில் நடுவுக்குத் திரும்பும் எலக்ட்ரானிக் குச்சி இருந்தது. 2015 ஆகஸ்டில் மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியபோது அதன் கையில் இருந்தவை வெறும் 14 புகார்கள். 2016 பிப்ரவரியில் விசாரணையை விரிவாக்கியபோது புகார்கள் 314, மோதல்கள் 121, காயமடைந்தவர்கள் 30. அந்தக் குச்சி இயல்பாகப் புரியக்கூடியதாக இல்லை, கைக்கும் கண்ணுக்கும் போதிய தகவல் தரவில்லை என்று விசாரணை அதிகாரிகளே எழுதினார்கள். எங்கள் வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு அந்த அறிக்கையைத் தேடிப் படித்தேன்; எங்கள் டிரைவ்வேயில் நின்று பார்த்து எழுதியதுபோல இருந்தது.

2016 ஏப்ரலில் நிறுவனம் உலகெங்கும் 11 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 8,11,586. அப்போது நிறுவனம் தந்த விளக்கத்தைக் கவனிக்கவேண்டும். எந்தப் பாகமும் உடையவில்லை. கியர் எதில் இருக்கிறது என்பதை விளக்குகள் காட்டுகின்றன. ஓட்டுபவர் உரிய கவனம் எடுக்காவிட்டால் வண்டியின் நிலையைத் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும். சர்வீஸ் சென்டர் எங்களுக்கு எழுதிக்கொடுத்த வரியின் அண்ணன் அது. ஆனாலும் அதே அறிக்கையில், மணியும் எச்சரிக்கைச் செய்தியும் சிலரை இறங்காமல் தடுக்கப் போதவில்லை என்பதையும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டாவது வாக்கியம் இருந்திருக்காவிட்டால் ரீகாலும் இருந்திருக்காது.

திரும்ப அழைத்தார்களே தவிர, மாற்று மென்பொருள் உடனே தயாராகவில்லை. அந்த இடைவெளியில், 2016 ஜூன் 19 அன்று, ஸ்டார் டிரெக் படங்களில் செக்கோவாக நடித்த ஆன்டன் யெல்சின் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுச் சரிவான டிரைவ்வேயில் இறந்துகிடந்தார். அவருடைய 2015 மாடல் கிராண்ட் செரோக்கி பின்னால் உருண்டு, மெயில் பாக்ஸ் பதித்த செங்கல் தூணுக்கும் பாதுகாப்பு வேலிக்கும் நடுவே அவரை நெருக்கியிருந்தது. வயது 27. லெனின்கிராடில் பனிச்சறுக்கு நடனக் கலைஞர்களான பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். பெற்றோர் தொடுத்த வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. எங்கள் வீட்டு மெயில் பாக்ஸ் கம்பம் மரம். அதனால் கதவு வளைந்ததோடு போயிற்று என்று நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெற்றோரின் நினைவு வருகிறது.

அவர் இறந்த சில நாட்களில் அரசு விசாரணை முடிந்தபோது கணக்கு 686 புகார், 266 மோதல், 68 காயம் என்று நின்றது. மென்பொருளும் வந்து சேர்ந்தது. ஓட்டுபவர் பெல்ட்டைக் கழற்றி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கதவைத் திறந்தால், ஏறக்குறைய நின்ற நிலையில் இருக்கும் வண்டி தானாகவே பி-க்குப் போய்விடும். ஒரு பாகமும் மாற்றவில்லை. சில வரி நிரல்தான். முதல் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே அந்த வரிகளை எழுதியிருக்க முடியும் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. 2016 மாடல் கிராண்ட் செரோக்கியில் குச்சியையே மாற்றி, போட்ட இடத்தில் நிற்கிற மாதிரி வைத்தார்கள். இதே காலத்தில் மசெராட்டியும் 2014 மாடல் குவாட்ரோபோர்ட்டே, கிப்லி வண்டிகளை இதே காரணத்துக்குத் திரும்ப அழைத்தது.

ஓட்டுபவர் கவனமாக இருந்தால் போதாதா என்று என்னிடமே நண்பர்கள் கேட்டார்கள். கார் வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது. 1980களில் ஆடி 5000 வண்டி, பி-யிலிருந்து எடுத்த உடனே தானாகப் பாய்கிறது என்று பெரிய புகார் எழுந்தது. 1989இல் வந்த அரசு அறிக்கை, பெரும்பாலும் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. சரி, தவறு மனிதர்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பே ஆடி என்ன செய்தது? பிரேக்கை மிதிக்காமல் குச்சியை பி-யிலிருந்து எடுக்கவே முடியாதபடி ஒரு பூட்டை வைத்தது. இன்று எந்த ஆட்டோமேட்டிக்கிலும் அந்தப் பூட்டு உண்டு. 2008இல் அமெரிக்காவில் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது கட்டாயமும் ஆகிவிட்டது. பிரேக்கை மிதிக்கவேண்டும் என்று யாரும் இப்போது நினைவுபடுத்துவதில்லை. வண்டியே பார்த்துக்கொள்கிறது. கைப்பிசகு வரும் என்று தெரிந்தால் அதைத் தாங்கும்படி இயந்திரத்தைச் செய்வதுதான் பொறியியல். நானும் அந்தத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் இதைக் கோபமாகவே சொல்கிறேன்.

கேபிள் வைத்த பழைய குச்சி குறையே இல்லாதது என்று நான் சொல்லவரவில்லை. 1970களில் ஃபோர்டு வண்டிகள் சில பி-யில் நிற்பதுபோலத் தோன்றி, கதவைச் சாத்திய அதிர்விலேயே ஆர்-க்கு நழுவின என்று புகார் மேல் புகார் வந்தது. 1980 கடைசியில் அரசுக்கும் ஃபோர்டுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் தபாலில் போனது. ஸ்டிக்கர்! வண்டியைத் திருத்தவில்லை. 2022 ஜூனில் அதே ஃபோர்டு, கேபிள் முனையைப் பிடிக்கிற ஒரு புஷ் தேய்ந்து கழன்றுவிடுகிறது என்று 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. குச்சி பி-யில் நிற்கும், ஆனால் பெட்டிக்குள் பூட்டு விழுந்திருக்காது. அங்கே கை உணர்ந்ததே பொய்யாகிவிட்டது. ஆகவே கைக்குத் தெரிந்தால் மட்டும் போதும் என்று நானும் முடிக்க முடியாது. இரண்டாவது பூட்டு ஒன்று வேண்டும். பார்க்கிங் பிரேக்.

இதை எனக்கு வீட்டுக்குள்ளேயே சொன்னவர் அப்பா. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு அம்பாசடர் டாக்சி ஓட்டிய மனிதர். ஸ்டீரிங் பக்கத்தில் கியர் வைத்த காலத்து வண்டி. கோடை விடுமுறையில் எங்களிடம் வந்தவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இப்ப எந்த கியர்ல நிக்குது?"

"பி-லப்பா. இங்க எழுதியிருக்கு பாருங்க."

"எழுதியிருக்கு சரி. குச்சி நடுவுலல்ல நிக்குது."

அடுத்த நாள் கராஜைத் துழாவி ஒரு மரக்கட்டையைச் சரிவாக அறுத்து, கயிறு கட்டி வைத்திருந்தார். மலைப்பாதையில் லாரி நின்ற உடனே கிளீனர் குதித்துப் போய்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாரே, அதே கட்டை. மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ், பிறகு ஹேண்ட் பிரேக், அதற்கும் மேல் கட்டை. மூன்றும் போட்ட பிறகுதான் டிரைவர் டீக்கடைக்குப் போவார் என்று மனைவிக்கும் எனக்கும் பாடம் எடுத்தார். அவர் ஓட்டிய வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் கிடையாது. ஆனால் எந்தப் பூட்டும் தனியாக நம்பக்கூடியதில்லை என்ற அறிவு அந்த மலை டிரைவர்கள் அத்தனை பேரிடமும் இருந்தது. அது நம் வண்டிகளை வரைகிற அறைகளுக்குள் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

குச்சியை ஏன் இப்படி மாற்றினார்கள் என்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. கேபிள் போனால் நடுவில் இடம் மிச்சம். குச்சி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கம்ப்யூட்டர் தானே கியரைப் போடலாம் என்பதால்தான் தானாகப் பார்க் செய்யும் வசதியும் சாத்தியம். ஓடிக்கொண்டிருக்கும்போது கைதவறிக் குச்சியைத் தள்ளினால், முட்டாள்தனமான கட்டளையை வண்டி மறுத்துவிடும். இவை எல்லாம் நல்லவை. நடுவுக்குத் திரும்பும் குச்சியை வைத்த வேறு சில நிறுவனங்கள், கதவு திறந்தால் தானாக பி விழும் ஏற்பாட்டையும் கூடவே கொடுத்தன. பி-க்கென்று தனிப் பொத்தான் வைத்தவர்களும் உண்டு. ஆர்-உம் பி-யும் ஒரே தள்ளலில் அடுத்தடுத்து இல்லாததே பெரிய பாதுகாப்பு. ஆகவே எலக்ட்ரானிக் குச்சி என்ற யோசனையைக் குறை சொல்லவில்லை. பாதி யோசனையோடு விற்றதைக் குறை சொல்கிறேன்.

இப்போது வீட்டில் யார் ஓட்டினாலும் ஒரே வரிசைதான். பிரேக்கில் கால் இருக்கும்போதே பார்க்கிங் பிரேக் பொத்தானை இழுக்கவேண்டும். பிறகுதான் குச்சி. பிறகு திரையில் எழுத்தை வாய்விட்டுப் படிக்கவேண்டும். பிறகு எஞ்சினை அணைக்கவேண்டும். பெல்ட் கடைசியில்தான் கழலும். குப்பை பின்னைத் தள்ளுகிற ஒரு நிமிஷ வேலைக்கும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறோம். நடைபாதை விளிம்பு தடுத்துப் பிடிக்கும்படி முன்சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவதும் பழகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் சரிவில் நிறுத்தும்போது அது சட்டமே. இத்தனை முன்னெச்சரிக்கையும் எங்களுக்குப் பழகிவிட்டது என்பதற்காக வண்டிக்கு மதிப்பெண் தரமுடியாது. வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர், அவசரத்துக்குச் சாவி வாங்கிப் போகிற பக்கத்து வீட்டுக்காரர், ஊரிலிருந்து வரும் தம்பி, இவர்கள் யாருக்கும் இந்த வரிசை தெரியாது. ஓட்டுநர் உரிமம் உள்ள எவரும் விளக்கம் கேட்காமல் நிறுத்தக்கூடியதாக ஒரு வண்டி இருக்கவேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு. ஷோரூமில் உட்கார்ந்ததும் திரையின் அளவைப் பார்ப்பதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு கியரை டி-யிலிருந்து பி-க்குப் போடுங்கள். கண்ணைத் திறக்காமல் அது எதில் நிற்கிறது என்று சொல்ல முடியவில்லையென்றால், விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எஞ்சின் ஓடும்போது, பி போடாமல் கதவைத் திறந்தால் வண்டி என்ன செய்யும்? மணி அடிக்கும் என்பது பதிலானால் எழுந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ரீகால் வேலை செய்யாத வண்டியைப் பெரிய வாடகைக் கம்பெனிகள் 2016 ஜூன் முதல் வாடகைக்கு விடக்கூடாது. ஆனால் பழைய வண்டி டீலர் அதை விற்பதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. முன்கண்ணாடியின் ஓரத்தில், டாஷ்போர்டின் மேல் தெரிகிற 17 எழுத்து வின் நம்பரைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டால், செய்யாத ரீகால் எதுவோ அது வந்துவிடும். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுவரை அந்த வேலைக்குப் பணம் வாங்கக்கூடாது. மேலே சொன்ன ஜீப், டாட்ஜ், கிறைஸ்லர் வண்டிகளில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தால், மென்பொருள் ஏற்றியிருக்கிறதா என்று தெரியாமல் ஓட்டிப் பார்க்கக்கூட எடுக்காதீர்கள்.

இந்த மாதிரி உங்கள் வண்டியிலும் நடந்திருந்தால், மோதல் இல்லை, காயமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதே தளத்தில் புகார் எழுத எந்தச் செலவும் இல்லை. நாங்கள் எழுதிவிட்டோம். 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்த விசாரணை 14 பேர் எழுதிய புகாரில்தான் தொடங்கியது.